ஹாப்பலா பச்சை

மூன்றாம் நம்பர் குவியல் போய்விட்டது என்று மெரிடித் போனில் சொன்னபோது நான் கடலோரக் கொட்டகையில் சிப்பி உரித்துக்கொண்டிருந்தேன். ஒரு கையில் கத்தி, முழங்கை வரை ரப்பர் உறை, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன். ஆறுகளைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவள் நான். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். வருடத்தில் பாதி நாள் சிப்பிதான் உரிக்கிறேன். ஆற்றில் மரம் போடப் பணம் இருக்கிறது. போட்ட மரம் என்ன ஆகிறது என்று கூடவே இருந்து பார்க்க ஆள் வைக்கப் பணம் இல்லை. வசந்தத்தில் கொஞ்ச நாள், வெள்ளம் வந்து போனால் கொஞ்ச நாள், அவ்வளவுதான் எனக்கு வேலை.

"நான் புதைச்ச ஆழம் பத்தல ஐலா. தாய்க்கட்டை மெதந்து போயிருச்சு. என் கணக்குலதான் தப்பு."

"அது மெதக்காது."

"மெதந்திருச்சே. இப்பத்தான் அங்க நின்னு பாத்துட்டு வர்றேன். வெறும் தண்ணி ஓடுது."

"நான் வந்து பாக்கறேன்."

"வா. ஆனா டிசம்பர் கூட்டத்துல நான் இதத்தான் சொல்லப் போறேன். மறைக்க மாட்டேன்."

மெரிடித் நகரத்து எஞ்சினியர். கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். தன் தப்பு என்று நினைத்ததைத் தானே ஊர் நடுவில் சொல்கிறேன் என்கிறவளிடம் எப்படிச் சண்டை போடுவது?

டோக்லா ஆற்றில் நாங்கள் போட்டது அணை இல்லை. வேரோடு கொண்டுவந்த பெரிய மரங்களை ஆற்றுக்குள் அடுக்கி வைத்த குவியல்கள். தண்ணீரை நிறுத்தாது. தடுக்கும், திருப்பும், அடியில் குழி பறிக்கும். அந்தக் குழியில்தான் சால்மன் குஞ்சுகள் குளிர்காலம் பூராவும் ஒண்டிக் கிடக்கும். ஒவ்வொரு குவியலுக்கும் நடுவில் ஒரு பெரிய மரம் இருக்கும். நுனிப்பக்கத்து வாலைக் கரைக்குள் புதைத்து, வேர்க்கொத்தை ஆற்றுக்குள் நீட்டி வைப்போம். மற்றவை எல்லாம் அதன் மேல் சாய்ந்து நிற்கும். அதைத்தான் தாய்க்கட்டை என்பது. மூன்றாம் நம்பருடைய தாய்க்கட்டை காற்றில் சாய்ந்த ஒரு கிழட்டுத் தேவதாரு. மலைச்சரிவில் அதைத் தேடிப் பிடித்தது நான். அதன் வேர்க்கொத்துக்குள் நான் நிமிர்ந்து நிற்கலாம்.

ஆற்றின் மேல்பகுதி முழுக்க இதே மாதிரி மரம் போடுவதா, அல்லது போட்டதையும் எடுத்துவிடுவதா என்று டிசம்பர் கூட்டத்தில் முடிவு செய்யப் போகிறார்கள். மூன்றாம் நம்பர் கணக்குத் தப்பால் உடைந்தது என்று மெரிடித் வாயாலேயே கேட்டுவிட்டால் கதை முடிந்தது. எடுத்துவிடு என்பார்கள். எடுத்துவிடுவார்கள். எங்கள் ஊருக்கு அதில் பழக்கம் உண்டு.

அப்பா இளைஞராக இருந்தபோது அதுதான் அவர் வேலை. மரம் கிடந்தால் மீன் ஏற முடியாது, ஆற்றைச் சுத்தம் பண்ணுங்கள் என்று படித்தவர்கள் வந்து சொன்னார்கள். அப்பாவும் அவர் கூட்டாளிகளும் சங்கிலி கட்டி, வெடி வைத்து, இருந்த மரத்தையெல்லாம் இழுத்துக் கரையில் போட்டார்கள். ஆறு வாய்க்கால் மாதிரி நேராகிவிட்டது. மீன் வருவது நின்றுபோனது. அப்பாவை அடக்கம் செய்த அன்று, சாப்பாட்டு மேஜையில் யாரோ அவரை ஆற்றின் மகன் என்று புகழ, நான் இதைச் சொன்னேன். சொல்ல வேண்டிய இடமா என்று கேட்டால் இல்லைதான். ஆனால் பொய் இல்லை.

அண்ணன் ஹார்லன் தட்டைக் கீழே வைத்தான். "படிச்சவங்க சொல்லித்தான் அப்பா எடுத்தாரு. இப்பப் படிச்சவங்க சொல்லித்தான் நீ போடறே. நாளைக்கு எடுன்னு சொன்னா நீயும் எடுப்பே. அவருக்கும் உனக்கும் என்னடி வித்தியாசம்?"

நான் இன்னும் மோசமாக ஏதோ சொன்னேன். அதோடு பேச்சு நின்றது. நான் ஆற்றோரம் ஒரு டிரெய்லர் வீட்டுக்குப் போய்விட்டேன். ஒரே பள்ளத்தாக்கு, ஒரே மளிகைக் கடை. அவன் பிக்கப் வண்டி வெளியே நின்றால் நான் உள்ளே போக மாட்டேன்.

சிப்பிக்காரரிடம் சொல்லிவிட்டு அன்றைக்கே கிளம்பினேன். மூன்றாம் நம்பரில் மெரிடித் சொன்ன மாதிரி வெறும் தண்ணீர்தான். வாலைப் புதைத்திருந்த கரையையே ஆறு தின்றுவிட்டிருந்தது. பின்னால் சாய்ந்திருந்த ஸ்புரூஸ் கட்டைகள் சிதறி, ஒன்றிரண்டு கீழே பாறையில் மாட்டிக்கொண்டு நின்றன. குழி மண் மூடிப்போயிருந்தது.

வேர்க்கொத்தைத் தேடி ஆற்றோடு கீழ்நோக்கி நடந்தேன். மழை. பகல் முழுக்க மழை. கல்லும் சேறும், இடுப்பளவு கிளையாறுகளும். ஒரு மனித முகம் இல்லை. ஆற்றுக்கு அக்கரையில் எல்க் மான்கள் நின்று என்னைப் பார்த்தன. அவை கூட்டமாக நின்றதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது.

கடல் வாடை அடிக்கிற இடத்தில், கழிமுகத்து மணல்திட்டில் அது கிடந்தது. வேர்கள் வானத்தைப் பார்த்துக் கவிழ்ந்து கிடந்தன. சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனேன். தண்டு இல்லை. வேருக்குக் கொஞ்சம் மேலே வழவழவென்று ஒரு வெட்டு. மெஷின் ரம்பம். வெட்டுமுகத்தில் ரம்பத்தின் பல் கோடுகள் கூட அழியவில்லை. கோடையில் ஆறு வற்றிக் கிடந்தபோது, நான் சிப்பி உரித்துக்கொண்டிருந்தபோது, யாரோ வந்து நடுத்தண்டை அறுத்து எடுத்துப் போயிருக்கிறார்கள். வேரும் வாலும் தனித்தனியாகிவிட்ட பிறகு வெள்ளம் வந்தால் எந்தக் கணக்கு நிற்கும்?

மெரிடித்துக்கு உடனே போன் பண்ணியிருக்க வேண்டும். பண்ணவில்லை. ஏனென்றால் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேரின் ஓரத்தில் பச்சைப் பெயிண்ட் மிச்சமிருந்தது. அடித்தது நான்.

எங்கள் பள்ளத்தாக்கில் வெள்ளம் வடிந்ததும் எல்லோரும் ஆற்றுக்குப் போவார்கள். ஒதுங்கிய கட்டையில் யார் முதலில் பெயிண்ட் அடிக்கிறார்களோ அவர்களுக்கு அது. வீட்டுக்கு ஒரு நிறம். டட்லி வீட்டுக்கு மஞ்சள். பள்ளிக்கூட பஸ் ஓட்டும் குடும்பத்துக்கு வெள்ளை. ஹாப்பலா வீட்டுக்கு, அதாவது எங்களுக்கு, பச்சை, தாத்தா கொட்டகைக்கு அடித்துவிட்டு மிச்சம் வைத்த பச்சை. நிறம் அடித்த கட்டை அங்கேயே கிடந்து மக்கினாலும் இன்னொரு வீட்டுக்காரன் தொட மாட்டான். மனைவியைத் தொட்டவனைக்கூட எங்கள் ஊர் மன்னித்திருக்கிறது. கட்டையைத் தொட்டவனை மன்னித்ததில்லை.

குவியல் போட்ட முதல் குளிர்காலத்தில் எங்கள் ஸ்புரூஸ் இரண்டு காணாமல் போயின. ஒன்றை ஒரு வீட்டு விறகு அடுக்கில் பார்த்தேன், நாங்கள் அடித்த அலுமினிய நம்பர் தகடோடு. மெரிடித் எச்சரிக்கைப் பலகை வைத்தாள். அடுத்த வாரம் பலகையில் துப்பாக்கி ஓட்டைகள், அதற்கடுத்த வாரம் பலகையே இல்லை. அப்புறம்தான் நான் அப்பாவின் பெயிண்ட் டின்னைத் தூக்கிக்கொண்டு போய் எல்லாத் தாய்க்கட்டைகளிலும் பச்சை அடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஆபீசில் சொன்னால் சிரிப்பார்கள், அல்லது அனுமதி கேள் என்பார்கள். இரண்டு குளிர்காலம் ஒருத்தன் கை வைக்கவில்லை. பட்டம் கற்றுத் தராததை என் ஊர் கற்றுத் தந்தது என்று எனக்குள் ஒரு கர்வம் இருந்தது.

ஆனால் பச்சையைத் தொட உரிமை உள்ள ஒரு வீடு இருக்கிறது என்று அந்தக் கர்வத்துக்குத் தோன்றவே இல்லை.

ஹார்லன் வீட்டுக்கு, அதாவது எங்கள் வீட்டுக்கு, கத்துவதற்குத் தயாராகத்தான் போனேன். வழியெல்லாம் வண்டிக்குள் ஒத்திகை பார்த்தேன். வாசலில் அவன் நாய் என்னை அடையாளம் கண்டு வாலாட்டியது.

கதவைத் திறந்தவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "வந்துட்டியா காலேஜ். பூட்ஸக் கழட்டு. தரையத் தொடைச்சு வெச்சிருக்கேன்."

"நான் உக்கார வரல."

"நின்னுக்கிட்டே சாப்பிடுவியா? எல்க் கறி இருக்கு. ஒரு மாதிரி இளைச்சுப் போயிருக்கே, சிப்பிக்காரன் சோறு போடறதில்லையா?"

அவன் ஏற்கெனவே கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தான். நான் நனைந்திருந்தேன், பசித்தது. உட்கார்ந்தேன்.

"சத்தம் கேக்குதா?" என்றான்.

"என்ன சத்தம்?"

"அதான். கேக்கல பாரு."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் மழை என்றால் பாத்திரங்களில் சொட்டும் சத்தம்தான். என் அறையில் மட்டும் மூன்று பாத்திரம் வைப்போம். இப்போது ஒரு சொட்டு இல்லை.

"மேல போய்ப் பாரு" என்றான். "உன் ரூமுக்கு மேலதான் மொதல்ல போட்டேன்."

ஏறிப் பார்த்தேன். கூரைக்கு அடியில் நின்றாலே தேவதாரு வாசம் தலையைச் சுற்றியது. புது மர ஓடுகள். கையால் பிளந்தவை, ஒரே கனத்தில், ஒரு முடிச்சுக்கூட இல்லாமல். என் கட்டிலில் சுத்தமான போர்வை விரித்திருந்தது.

கீழே வந்தேன். "கட்டை எங்க கெடச்சுது?"

ஹார்லன் சிரித்தான். அவன் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருக்கும், முகத்துக்கே பழக்கமில்லாத மாதிரி இருந்தது. "சரி, நடிக்காத. நாலு செவுத்துக்குள்ளதானே பேசறோம்."

"நான் என்ன நடிக்கறேன்?"

"உன் ஆபீஸ் தகடு ஒரு பக்கம், நம்ம பச்சை ஒரு பக்கம். பாத்ததும் எனக்குப் புரியல. கொஞ்ச நேரம் உக்காந்து யோசிச்சேன். கூரை ஒழுகறது இவளுக்குத் தெரியும். நேர்ல வந்து பேச இவ திமிரு விடாது. அதான் கவர்மெண்ட் கட்டையத் திருடி, நம்ம நெறத்த அடிச்சு, எனக்குன்னு விட்டு வெச்சிருக்கான்னு." கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் கறியைப் போட்டான். "அப்பத்தான் நெனச்சேன். எவ்வளவு படிச்சாலும் இது நம்ம ஆளுதான்."

நான் வாயைத் திறந்தேன். யாருக்கும் எங்கேயும் அடங்காத வாய் அது. சாவு வீட்டில் அடங்காத வாய். அதில் கறியைப் போட்டு மூடிக்கொண்டேன்.

"நல்லா இருக்கு" என்றேன்.

"உப்பு கம்மி" என்றான்.

அன்றைக்கு என்னை இங்கேயே படு என்றான். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு டிரெய்லருக்குத் திரும்பினேன். டிரெய்லரின் தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில் தூக்கம் வரவில்லை.

கூட்டம் தீயணைப்பு வண்டி நிற்கும் கூடத்தில் நடந்தது. வண்டியை வெளியே நிறுத்தி, மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். ஒரு மேஜையில் காபியும் பிளாக்பெரி வைத்துச் சுட்ட இனிப்பும். மெரிடித் முன்னால் தன் படங்களோடு நின்றாள். அவள் பக்கத்தில் கார்லீன், ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கும் பழங்குடி மக்களின் மீன்வளத் துறையிலிருந்து வந்தவள். பணத்தில் பாதி அவர்களுடையது. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஹார்லன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான், கையில் இரண்டு தட்டு இனிப்பு. ஒன்றை என் மடியில் வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். ஊர் திரும்பிப் பார்த்தது. அப்பா போன பிறகு எங்கள் இரண்டு பேரையும் ஒரே வரிசையில் யாரும் பார்த்ததில்லை.

மெரிடித் சொன்னபடியே சொன்னாள். ஆழம் பத்தவில்லை, கணக்கில் தவறு, பொறுப்பு தன்னுடையது.

ஆற்றோரத்தில் மாட்டுப்பண்ணை வைத்திருக்கும் டட்லி எழுந்தார். "அம்மா, நீங்க நல்லவங்க. ஆனா ஒரு கட்டை மெதக்குமா மெதக்காதான்னு கண்டுபிடிக்க இவ்வளவு பணமா? என்னைக் கேட்டிருந்தா ஒரு காபிக்குச் சொல்லியிருப்பேன். கட்டைன்னா மெதக்கும்."

சிரிப்பு. கார்லீனும் சிரித்தாள். "எங்க ஆளுங்க மட்டும் இருந்தப்போ ஆறு பூரா கட்டைதான் டட்லி. அப்ப யாரும் அதுக்குக் கூட்டம் போடல."

"அப்ப என் பண்ணை அங்க இல்ல."

"அதான் சொல்றேன்."

மறுபடி சிரிப்பு. ஆனால் சிரிப்பு அடங்கியதும் டட்லி விடவில்லை. மற்றதும் மிதந்து வந்து பாலத்தில் மோதுவதற்குள் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்றார். தலைகள் ஆடின. மெரிடித் கார்லீனைப் பார்த்தாள். கார்லீன் தரையைப் பார்த்தாள். குவியல்கள் எல்லாமே போகப்போகின்றன என்று தெரிந்துவிட்டது.

நான் கொடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். அண்ணனுக்காகக் கட்டையைத் திருடியது நான்தான் என்று ஒரு பொய். வேலை போகும், ஹார்லன் மனதில் நான் நம்ம ஆளாகவே இருப்பேன். ஆனால் அந்தப் பொய்யைச் சொன்னால் பச்சை ஏன் அடித்தேன் என்பதைச் சொல்ல முடியாது. மற்ற கட்டைகள் இரண்டு குளிர்காலம் ஏன் நின்றன என்பதைச் சொல்ல முடியாது. அப்புறம் எந்த ஆற்றில் போட்டாலும் மரம் இப்படித்தான் போகும், படித்தவர்கள் ஆழத்தைத்தான் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

"தாய்க்கட்டை மெதக்கல. அறுத்து எடுத்திருக்காங்க. வேர் கழிமுகத்துல கெடக்கு, வெட்டு தெளிவா இருக்கு, நாளைக்கு யாரு வேணாலும் வந்து பாருங்க."

"யாரு அறுத்தா?" என்றார் டட்லி.

"அதுக்குத்தான் வர்றேன். உங்க யாருக்கும் தகடும் பலகையும் ஒரு பொருட்டு இல்ல. அதனால நான் எங்க வீட்டுப் பச்சைய அடிச்சேன். நீங்க தொடக் கூடாதுன்னு அடிச்சேன். நீங்களும் தொடல. டட்லி, நீங்க ரெண்டாம் நம்பரப் பக்கத்துல போய் நின்னு பாத்துட்டு விட்டுட்டு வந்தீங்க, எனக்குத் தெரியும்."

டட்லி மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பச்சை யாரோடதோ அவங்க எடுத்தாங்க. அவங்க திருடல. எங்க அண்ணன் பாத்தா அது எங்களோடது. அத நான் யோசிக்கல. தப்பு கணக்குல இல்ல, என் பெயிண்ட்ல இருக்கு."

முதலில் வாயைத் திறந்தது டட்லிதான். "வேலியே பயிர மேஞ்ச கதையா இருக்கே" என்றார். ஆனால் குரலில் பழைய சுருதி இல்லை. அவரும் நிறம் வைத்திருப்பவர். பச்சையை ஹாப்பலா எடுத்தான் என்றால் அவருக்கு அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. யாருக்குமே இல்லை. கார்லீன் மெரிடித்திடம் குனிந்து ஏதோ பேசினாள். புகார் எதுவும் கொடுக்கப் போவதில்லை என்றும், மேல்பகுதி வேலை திட்டப்படி நடக்கட்டும் என்றும் பிறகு அறிவித்தார்கள்.

நான் உட்கார்ந்தபோது ஹார்லன் தன் தட்டில் மீதமிருந்த இனிப்பை முள்கரண்டியால் ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டிருந்தான்.

"அப்ப அது எனக்கு இல்ல" என்றான். என்னைப் பார்க்காமல்.

"இல்ல."

"அன்னிக்கு வந்து கறி தின்னியே. அப்பச் சொல்ல வேண்டியதுதானே."

"சொல்ல முடியல."

"உனக்கா?" என்றான். தொப்பியை எடுத்துக்கொண்டு, நாற்காலியை மடக்கிச் சுவரில் சாத்திவிட்டுப் போனான். கோபத்தில் போகிறவன் நாற்காலியை மடக்க மாட்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வெளியே வந்ததும் மெரிடித் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் வெளிச்சம். "ஐலா, இத யாருமே ஆராயல தெரியுமா? வேகம், ஆழம், எடை, எல்லாத்துக்கும் கணக்கு இருக்கு. பக்கத்துல குடியிருக்கற ஜனங்களுக்கு ஒரு கணக்கும் இல்ல. நாம ரெண்டு பேரும் எழுதலாம். உன் பேரு முதல்ல." அப்புறம் கேட்டாள், "மத்த ஆறுகள்ல என்ன நெறம் அடிக்கலாம்?"

அவளை அறையலாம் போல இருந்தது. அவள் கேட்டது சரியான கேள்விதான்.

"அங்கங்க போய்க் குடியிருந்து கேக்கணும்" என்றேன்.

எனக்கு வருடம் முழுக்க வேலை கிடைத்தது. பார்ப்பதற்கு என்றே ஒரு ஆள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன பணம், இப்போது வந்தது.

ஜனவரியில் தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் முதல் சுற்றுப் போனேன். ஒன்றாம் நம்பர் நின்றது. தாய்க்கட்டையில் கை வைத்த பிறகுதான் கவனித்தேன், பச்சை இல்லை. கோடாரியால் செதுக்கி எடுத்திருந்தது. பட்டையும் நிறமும் மட்டும் சீவி, உள்மரத்துக்கு ஒரு காயம் இல்லாமல். செதுக்கிய இடத்தில் ஒவ்வொரு வீச்சிலும் ஒரு மெல்லிய கோடு எழும்பி நின்றது. அப்பாவின் கைக்கோடாரி வாயில் சில்லு பெயர்ந்த ஓர் இடம் உண்டு. அதன் கோடு.

இரண்டாம் நம்பரிலும் அப்படித்தான். நான்காம் நம்பருக்குப் போக ஹார்லன் மார்பளவு தண்ணீரில் இறங்கியிருக்க வேண்டும். இறங்கியிருக்கிறான். எல்லாவற்றிலும் பச்சையை எடுத்திருந்தான், ஒரு புள்ளி விடாமல். ஒரு கட்டையைக்கூட அறுக்கவில்லை.

மிச்சப் பெயிண்ட் டின் வண்டியில்தான் இருந்தது. போய் மூடியைக் கிளப்ப ஸ்குரூடிரைவரைக் கூட எடுத்தேன். பிறகு டின்னை அப்படியே சீட்டுக்கு அடியில் தள்ளினேன். அந்த நிறத்தை அடிக்க இனி நான் யார்?

செதுக்கிய இடங்கள் தூரத்திலிருந்தே வெள்ளையாகத் தெரிந்தன. நிறமில்லாத கட்டை என்றால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். எங்கோ கீழே, வளைவுக்கு அப்பால், ஒரு மெஷின் ரம்பம் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

ஒன்றாம் நம்பருக்குத் திரும்பி வந்து அதன் வேர்க்கொத்தில் ஏறி உட்கார்ந்தேன். கீழே குழியில் தண்ணீர் கறுப்பாகச் சுழன்றது. மீன் இருக்கிறதா என்று தெரியவில்லை. யாராவது ரம்பத்தோடு வந்தால் என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். இது யாருடையதும் இல்லை, போ. இது ஆற்றினுடையது, போ. நன்றாகச் சண்டை போடலாம் போல இருந்தது. ஹார்லனே வந்தாலும் சரி.

ரம்பச் சத்தம் நின்றது. மழை மறுபடி பிடித்தது. இருட்டுகிற வரை உட்கார்ந்திருந்தேன், யாரும் வரவில்லை.